அரிசியளவு சிவப்பு

மாப்ள,

வில்லாபுரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, வரைபடம் வைக்கும் பழைய தகரக் குழாய் ஒன்று உருண்டு விழுந்தது. மூடியைத் திறந்ததும் பிலிமின் புளித்த நெடி. தலைகீழாகத் தட்டினேன். சுருளுக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு மருத மரப்பட்டை விழுந்தது. நீ கொண்டுவந்தது. அதை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டதாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் அலுவலகத்துக்குப் பிலிம் சுருள்களாகச் செயற்கைக்கோள் படங்கள் வந்தன. பத்து வருடத்தில் வைகைக் கரைக் காடு எவ்வளவு அழிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில் பழைய படத்தையும் புதிய படத்தையும் விரித்து, மேலே மெல்லிய தாள் போட்டு நான் எல்லை வரைவேன். அந்தப் படங்களில் பச்சை இலையெல்லாம் சிவப்பாகத் தெரியும். முதல் நாள் எட்டிப் பார்த்த நீ, "என்ன மாப்ள, ஆத்தங்கரை பூராவும் வெத்தல போட்டுத் துப்புன மாதிரி இருக்கு" என்றாய். அறையே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. பயிற்சிக்குப் போய்வந்த மிதப்பு எனக்கு. நீ வெயிலில் அலைந்து மரம் பார்த்துவரும் உதவியாளன்தானே என்ற எண்ணமும் இருந்தது.

உங்கள் ஊர்ச் சுடுகாட்டு மருதமரங்கள் படத்தில் ஓர் அரிசியளவு இருக்கும். பழைய படத்தில் சிவப்பு, புதிய படத்திலும் சிவப்பு. 'மாற்றமில்லை' என்று எழுதினேன்.

"போய்ப் பாத்தியா மாப்ள?"

"எதுக்கு? அம்புட்டும் செவப்பாத்தான கெடக்கு."

"பாதி மரத்த வெட்டிட்டாய்ங்க. அந்த எடத்துல சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு. அதுவும் செவப்பாத்தான் தெரியும். போனத நீ காட்டுனாத்தான் மிச்சத்தையாவது விட்டுவைப்பாய்ங்க. எங்க அய்யாவ எரிச்ச எடம்டா."

"ஒங்க ஊருங்கிறதால சொல்ற" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

நீ கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிலேயே போய்வந்தாய். திங்கள் காலை, முள் கீறிய கையோடு இந்தப் பட்டையை என் மேசைமேல் வைத்தாய். வெட்டிய அடிமரத்திலிருந்து உரித்தது. அதைப் பார்த்ததுமே நீ சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு அரிசியைத் திருத்தினால், மற்ற சிவப்பையெல்லாம் போய்ப் பார்த்தாயா என்று அதிகாரி கேட்பார். நான் ஓர் இடத்துக்கும் போகவில்லை. பயந்துபோய்ப் பட்டையைச் சுருளுக்குள் தள்ளியிருக்கிறேன்; பென்சில் கோட்டைத் திருத்தாமல் அப்படியே மை போட்டு வரைபடத்தை முடித்தேன்.

மறு வருடம் மிச்ச மரங்களுக்கும் கோடாலி வந்தது. மனுக் கொடுக்கப் போன உங்கள் ஊர்க்காரர்களுக்கு என் வரைபடத்தைத்தான் எடுத்துக் காட்டினார்களாம், காடு குறையவே இல்லையே என்று. உனக்கும் தெரியும். ஆனாலும் மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து, "இந்தா, கருவாட்டுக் குழம்பு" என்று எனக்கும் ஊற்றினாய். நீ திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தச் சுடுகாட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது, மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன அன்றைக்கு. உச்சி வெயில். சுற்றிலும் கருவேலமுள், ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லை. பாடை சுமந்து வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். உன் தம்பிதான் யாரிடமோ குடை வாங்கிவந்து என் கையில் கொடுத்தான். "வெயில்ல நிக்காதீங்கண்ணே. ஒங்களப் பத்தித்தான் அண்ணன் எப்பவும் பேசிக்கிட்டு இருப்பாரு." அந்தக் குடைக்குள் நின்றுதான் நீ எரிவதைப் பார்த்தேன்.

அவன் இப்போது ஒத்தக்கடையில் இருக்கிறான். பொங்கலுக்குப் போனால் இன்றைக்கும் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறான். அவனிடம் நான் எதையும் சொன்னதில்லை. நாளைக் காலை இந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு போகிறேன் மாப்ள. அவன் நாற்காலியைத் துடைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.