சாம்பலுக்குள் வைத்த இரும்பு

காஜா பேராங், மலாக்கா
13-10-2603
(ஜப்பான்காரர்கள் வந்தபின் பள்ளியில் ஆண்டை அவர்கள் கணக்கில் இப்படித்தான் எழுத வேண்டும். நமக்கு 1943.)

அன்புள்ள தம்பிராஜா அண்ணாவுக்கு, தங்கை சந்திரமதி வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் மூவரும் சுகம். உங்களுக்குக் காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இதையும் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைகளையும் கொண்டுவருபவர் லாரிக்கார அப்துல் கய்யூம் மாமா. அரிசி ஏற்றிக்கொண்டு நாளை வியாழக்கிழமை சயாமுக்குப் புறப்படுகிறார். போன வாரம் அவர் லாரி நம் பட்டறைக்கு வந்தபோது, இன்ஜின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிபோல்டு நீளமாக விரிசல் விட்டிருந்தது. வியாழனுக்குள் ஓடாவிட்டால் வேறு லாரியை அனுப்பிவிடுவார்கள், "அப்புறம் உங்க மவனுக்கு மருந்து கொண்டுபோக ஆளு கிடையாது, மருது" என்று அப்பாவிடம் சொன்னார். சயாம் ரயில் வேலையிடத்திலிருந்து, காய்ச்சல் என்று நீங்கள் போட்ட தபால் அட்டை வந்து ஐந்து மாதமாகிறது.

அப்பா விரிசலின் இரு முனையிலும் துளை போட்டு, கரி நெருப்பில் முழு இரும்பையும் சிவக்கக் காயவைத்து, கேஸ் வெல்டிங்கில் ஒட்டினார். ஒட்டுக் கம்பிக்கு எங்கே போவது? நீங்கள் ஆணியில் மாட்டிவிட்டுப் போன பழைய பிஸ்டன் வளையங்களைத்தான் உருக்கினார். கோபிக்காதீர்கள். பிறகு சாம்பல் பீப்பாய்க்குள் புதைத்து வைத்தார்.

இனி எழுதுவது என் குற்றம். சோப்புக்கட்டியைப் பார்த்து வெகு நாளாகிறது. பாத்திரம் தேய்ப்பது சாம்பலில்தான். காலையில் அம்மா சாம்பல் கேட்டார். அடுப்பில் கைப்பிடிகூட இல்லை. பீப்பாயில் மாவு போல நிறைய இருந்தது. இரண்டு சட்டி அள்ளினேன். அப்போது மழைக்காற்று வீசியது. உள்ளே "டிங்" என்று ஒரு சத்தம். யாரோ கரண்டியால் டம்ளரைத் தட்டியது போல இருந்தது.

மத்தியானம் அப்பா எடுத்துப் பார்த்தார். ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல். நான் சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டேன். அப்பா திட்டவில்லை. "சூடு மெதுவா எறங்கணும், இல்லன்னா வெடிச்சிரும். இத ஒங்கண்ணனுக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தேன். ஒனக்கும் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, இன்னும் ஒரே தடவைக்குத்தான் வரும் என்றார். அதை வைத்தே புது விரிசலையும் ஒட்டினார்.

இரண்டாம் முறை புதைத்ததும் அம்மா பீப்பாய்க்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார். பாத்திரங்களை மணலில் தேய்த்தோம். கய்யூம் மாமா வந்து, "என்ன பொன்னம்மா, அடை காக்கிறியா? எப்ப குஞ்சு பொரிக்கும்?" என்று கேட்டார். "மொதக் குஞ்சு ஒங்களுக்குத்தான்" என்றார் அம்மா. இத்தனை மாதத்தில் அம்மா வேடிக்கையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஒன்றரை நாள் கழித்து, வெறுங்கையால் தொடும்படி ஆறிய பிறகே அப்பா எடுத்தார். மாட்டினார். இன்ஜின் ஓடும்போது புகைகிற தேங்காய் நாரை ஒட்டின்மேல் மெல்லக் கொண்டுபோனார். நாரின் புகை ஓரிடத்திலும் சிதறாமல் நேராக மேலே போனது; ஒட்டில் கசிவு இல்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரவள்ளி அவிக்கப் போய்விட்டார்.

அண்ணா, அப்பா அந்த ஒட்டை அரத்தால் அராவி வழவழப்பாக்காமல் விட்டிருக்கிறார். இரண்டு வரிகள் தெரியும். கோணலாக இருப்பது என்னால் வந்தது. இன்ஜின் ஆறியதும் காட்டும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். என் தமிழ்ப் புத்தகத்தில் முப்பதாம் பக்கத்தில் நீங்கள் பதித்த கரி விரல் தடம் அப்படியே இருக்கிறது. அழிக்க அம்மா விடுவதில்லை.

பதில் எழுதத் தாளோ தெம்போ இல்லாவிட்டால் பரவாயில்லை. அந்த ஒட்டைத் தாண்டி வந்து புகைக்குழாய் வாயில் படிந்திருக்கும் கரியில் விரலைத் தேய்த்து, இந்தத் தாளின் பின்பக்கம் ஒருமுறை வைத்து, மாமாவிடமே கொடுத்துவிடுங்கள். அதற்காகப் பின்பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

உங்கள் விரலை அடையாளம் தெரிந்த தங்கை,
சந்திரமதி