கூகனின் கைக்கயிறு குறித்துக் கொற்றன் நெடுவேளுக்கு

நலம் நிற்க. வெண்கழி நாட்டையும் அதன் பதினெட்டுத் துறைகளையும் ஆளும் பேரரசி எழினிநங்கைத் தேவியார் மொழிந்தருளியபடி, ஓலைநாயகம் ஆதன் சேந்தன் எழுதியது; வடமலைக் கோட்டைத் தண்டநாயகர் கொற்றன் நெடுவேள் கண்டு செய்க. நும் கோட்டையும் குடியும் மழையும் விளைவும் குறைவின்றி வாழ்க. இனி எழுதப்போவதில் வாழ்த்து இல்லை.

நும் ஓலை நேற்று அவையில் படிக்கப்பட்டது. எல்லைப் போரில் நமக்காகத் தோள் பிளந்து வீழ்ந்த கருவரை மலைக்குடி வீரன் கூகனை ஆதுலர்சாலையில் கிடத்தியதும், அவன் புயத்தில் தாய் கட்டிய ஆட்டுமயிர்க் கயிற்றை வைத்தியர் மருதனார் அறுத்தெறிந்து காயம் தைத்ததும், அது கண்ட சுற்றத்தார் கதவை உடைத்துப் புகுந்து மருந்தரைக்கும் கல்லாலேயே அவர் மண்டையைப் பிளந்ததும், ஏவலர் இருவர் கழுத்தறுபட்டதும், பதிலுக்கு நீர் அவர்கள் குடிசைகளைக் கொளுத்தி, கொன்ற மூவர் உட்படப் பத்தொன்பது பேரைப் பிடித்து, வரும் அமாவாசையன்று யானைக்காலில் இடக் காத்திருப்பதும் அறிந்தோம். கூகன் பிழைத்தான், ஆயினும் நன்றிகெட்ட கூட்டம் என்று முடித்திருந்தீர்.

நீர் எழுதாததை, ஓலை கொண்டுவந்த இருமொழியாளன் சொன்னான். கருவரை மக்கள் அக்கயிற்றை அறுப்பது பிணத்துக்கு மட்டுமே. உயிரோடிருப்பவனுக்குத் தாய் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டால் குற்றமில்லை. தாய் பூதி அப்போது வாசலிலேயே நின்றாள். தன்னை அவிழ்க்க விடும்படி கதறினாள். காவலன் ஒருவன் ஈட்டிக்கட்டையால் அவள் பல்லை உடைத்தான். இன்று கூகன் எழுந்து நடக்கிறான். பெற்றவளே அவனை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவனுக்கு ஈமச்சோறு இட்டாயிற்று. அறுத்த கையே திரும்பக் கட்டினால் அவன் மீண்டும் மகனாவான். அந்தக் கையைத்தான் அவர்கள் ஆத்திரத்தில் கொன்றுவிட்டார்கள்.

கேட்டதும் தேவியார் தம் பழைய ஆணையின் படியைக் கொணர்வித்தார். காயக்கூடத்தில் உறவினர் எவரையும் விடலாகாது, உடம்பில் கிடப்பதையெல்லாம் நீக்குக என்று சென்ற ஆண்டு முத்திரையிட்டு அனுப்பியவர் அவரே. நல்லதென்று நினைத்தே எழுதினார். எவரையும் கேட்டு எழுதவில்லை. கத்தி மருதனாருடையது, அறுத்த கை தம்முடையது என்றார். அந்தக் கையை அம்மக்கள் ஏற்பார்களா என்று வினவினார். தாய் ஏற்றால் ஏற்பார்கள் என்றான் இருமொழியாளன். முடிசூடியவர் மலையான் முன் மண்டியிடுவதா என்று அடியேனும் தடுத்தேன். வாயை மூடச் சொன்னார், மூடினேன்.

ஆகவே ஆணை. யானை கட்டுத்தறியை விட்டு நகரலாகாது. கொன்ற மூவர் சிறையில் இருக்க. மருதனாரின் மனைவியை முன்வைத்து அவர்களை அவை விசாரிக்கும். மற்றப் பதினாறு பேரையும் இப்பொழுதே விடுக. பூதியின் பல்லை உடைத்தவனுக்கு நும் கையாலேயே விலங்கிடுக. இனி எந்த ஆதுலர்சாலையிலும், காயம்பட்டவன் உடம்பில் கிடப்பதை அவனையோ அவனைச் சேர்ந்தவரையோ கேளாமல் தொடலாகாது. கூகனுக்குக் கயிறு கட்டத் தேவியார் படையின்றி வருகிறார். மூன்றாம் நாள் சேர்வார். அதற்குள் பிடிபட்டவர்களில் ஒருவனுக்கு எலும்பு முறிந்திருந்தாலும், அதே யானையின் காலடியில் நீர் கிடப்பீர்.

இஃது இரட்டைத்துடுப்பு முத்திரை பெற்ற ஓலை. கட்டுமுன் தேவியார் சேர்க்கச் சொன்ன வரி ஒன்று: இவ்வோலையின் கயிற்றையும் நீர் அறுத்தே பிரித்திருப்பீர். அவிழ்க்கும்படிதான் முடிந்திருந்தோம்.