அடையாள அட்டையைத் திருப்பித் தந்தவள் கேட்டது

அன்புள்ள அக்கா,

ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று கொட்டாஞ்சேனை அந்தோனியார் மீதும் வெள்ளவத்தைப் பிள்ளையார் மீதும் ஒரே மூச்சில் சத்தியம் செய்து தொடங்குகிறேன். நீங்கள் நம்பத் தேவையில்லை. நீங்கள் உயிரோடு இருந்த காலத்திலும் நான் சொன்ன எதையும் நம்பியதில்லை.

நேற்று அலுமாரியை ஒதுக்கும்போது மேல்தட்டிலிருந்து ஒரு கடதாசி விழுந்தது. விரித்துப் பார்த்தால், நான். அடையாள அட்டையில் உள்ள அதே திருட்டு முழி, தலையணை அளவுக்குப் பெருத்திருந்தது. கழுத்துக்குக் கீழே, தொடை தெரியும் கட்டைக் களிசானோடு நிற்கும் யாரோ ஒரு பயில்வானின் உடம்பு. அதற்கும் கீழே, என் பழைய தொலைபேசி இலக்கம். நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. கொழும்பில் தமிழன் மூச்சு விடுவதற்கும் அட்டை காட்டிய காலம். மீன் வாங்கப் போனால் முதலில் மீனுக்குக் காட்டுவேன். முகம் மழிக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாலும் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகும். மேசையும் கொப்பியும் வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருந்தாலும் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதி, அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் 'எதற்கு?' என்று யோசிப்போம்.

எங்கள் மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தட்டில் சுகந்தி இருந்தாள். இருபத்துமூன்று வயது, கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை. கொட்டாஞ்சேனையில் உங்கள் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தவள். யாரோ ஒரு கல்யாணப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டி, உடுப்பில்லாத இன்னொருத்தியின் உடம்பில் ஒட்டி, கீழே அவளுடைய இலக்கத்தையும் போட்டு ஈமெயிலில் விட்டார்கள். ஒரு கிழமையில் வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்தது. இரண்டாம் கிழமை ரொறன்ரோவில் பனி பெய்வதற்கு முன் அந்தப் படம் பெய்தது.

தொலைபேசி ஓயாமல் அடித்தது. சுகந்தி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் இடம் போய்விடும் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். தகப்பனோ, "வேலைக்குப் போனது காணும். இனி வீட்டோட இருக்கட்டும்" என்று கதவைச் சாத்தினார்.

நான் துப்பறியக் கிளம்பினேன். நெற் கபேக்காரனில் சந்தேகப்பட்டேன். கல்யாணத்துக்குப் படம் எடுத்தவனில், மாப்பிள்ளையில், பந்தியில் எனக்கு இரண்டாம் தரம் பாயசம் தராதவனில் சந்தேகப்பட்டேன். என் பட்டியலைத் தரையில் விரித்திருந்தால் காலி வீதியில் பஸ் ஓடியிருக்காது. அதை உங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினேன். எனக்கு ஈமெயில் பழக்கியவர் நீங்கள்தான். கிழமைக்கு இரண்டு முறை வந்து, உங்கள் மெஷினில் என் ஈமெயில் பெட்டியைத் திறப்பேன். "மூடிப்போட்டு எழும்படா" என்று நூறு தரம் கத்தியிருப்பீர்கள்.

அன்று நீங்கள் கத்தவில்லை. பட்டியலைக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "தம்பி, எல்லாரையும் எழுதிப்போட்டாய். ஒராளை விட்டுட்டாய்."

"ஆரக்கா?"

"நீதானே பெரிய துப்பறியிறவர். சனிக்கிழமை பின்னேரம் வா. கண்காட்சி."

கண்காட்சி என்றால் பூச்சாடிப் படங்களும் தின்னப் பற்றிஸும் குடிக்கப் பிளேன்ரீயும் இருக்கும் என்று நினைத்து மூவாயிரம் பேர் திரண்டு வந்தோம். உங்கள் வகுப்புப் படியின் உச்சியில் மேசை, கொப்பி. பின்னால் முக்காடு போட்ட ஒரு பெண். "ஐசி" என்றாள். பெயரும் இலக்கமும் எழுதி, அட்டையைக் கொடுத்தோம். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டை வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது எங்களுக்கு ஊறிப்போன பாடம்.

உள்ளே ஒவ்வொருவராக விட்டீர்கள். கறுப்புத் துணி கட்டிய அறை. நாலு மூலையிலும் தொலைபேசிகள் அடித்தன. ஒன்றை எடுத்தேன். "என்ன விலை?" என்றது ஒரு ஆண்குரல். மற்றதில், "வீடு தெரியும். வரட்டா?" இன்னொன்றில் சிரிப்பு மட்டும். சுகந்திக்கு வந்த அழைப்புகளை அவள் சொல்லச் சொல்ல எழுதி, வாய்க்குள் பஞ்சு அடைத்து, நீங்களே அந்தக் குரல்களில் பேசிப் பதிந்திருந்தீர்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

அடுத்த அறையில் எனக்கு முன் போனவர்கள் கதிரைகளில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் என் அட்டை முகத்தோடு நான், கட்டைக் களிசானோடு. கீழே நான் என் கையால் கொப்பியில் எழுதிக்கொடுத்த இலக்கம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் சட்டைப்பையில் போன் அடித்தது. யார் சிரித்தது என்று ஒவ்வொரு முகமாகச் சந்தேகத்தோடு பார்த்தேன். அவர்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் சார்ஜன் ஒருவர் ஏறி வந்தார். தமிழ் வீட்டில் இருட்டு அறை, நிறைய வயர் என்று யாரோ அறிவித்திருந்தார்கள். "மே மொனவத நோனா?" என்று, இதெல்லாம் என்ன என்பதாக, வயர்களைக் காட்டிக் கேட்டார்.

"பிரதர்சனயக் மாத்தயா. எண்ட" என்று கண்காட்சிக்கு அழைப்பதுபோல அழைத்தீர்கள்.

முக்காட்டுக்காரி அவரிடமும் "ஐசி" என்றாள். எல்லோரும் படியிறங்க வழி பார்த்தோம். அவர் சிரித்தபடி கொடுத்தார். வெளியே வந்தபோது தொப்பி கையில் இருந்தது. தனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னார். அவருடைய கண்ணீர் படியால் ஓடி மட்டக்குளிவரை போனது.

கடைசியில் அட்டைகளை வாங்க வரிசையில் நின்றோம். அவள் முக்காட்டை எடுத்தாள். சுகந்தி. ஒவ்வொரு அட்டையாக எடுத்து, படத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, காவலரணில் நிற்பவர்களைப்போல நிதானமாகக் கேட்டாள்: "என்ர படத்தை எத்தினை பேருக்கு அனுப்பினீங்கள்?"

"நானோ? சீ" என்றார் முன்னால் நின்றவர். அவருக்கு முன்னால் நின்றவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

என் முறை வந்தது. "என்ன பிள்ளை, மாமாவைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?" என்றேன், நாடக ராஜாவின் குரலில். அவள் அட்டையைத் தந்தாள். நீங்கள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். திரையில் வந்த என் படத்தை அச்சடித்த அந்தக் கடதாசியைச் சுருட்டி என் கையில் வைத்து, "வீட்டை கொண்டுபோ. எறியாதை" என்றீர்கள்.

திங்கட்கிழமை காலை சுகந்தி காலி வீதியில் பஸ் ஏறியதை எங்கள் பல்கணியிலிருந்து பார்த்தேன். குடையை விரிக்கவில்லை. முகத்தை மறைக்கவுமில்லை. தகப்பன் பஸ் ஹோல்ட்வரை பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

இனி சத்தியத்துக்கு வருகிறேன். மூவாயிரம் பேர் வரவில்லை, பத்தொன்பது பேர்தான். சார்ஜன் அழவில்லை, தூசிக்குத் தும்மினார். மீனுக்கு நான் ஒருநாளும் அட்டை காட்டியதில்லை. கலப்படம் இல்லாதது இதில் ஒன்றே ஒன்று, சின்னது. அந்தப் படம் எனக்கும் வந்தது. 'பாவம் இந்தப் பிள்ளை, பார்' என்று எழுதி, ரொறன்ரோவிலிருந்த என் பள்ளித் தோழனுக்கு அனுப்பினேன். உங்கள் மெஷினிலிருந்து. பெட்டியை மூடாமல் எழுந்து போனேன்.

நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

சுகந்தி இன்னும் அதே மூன்றாம் தட்டில்தான் இருக்கிறாள். இந்தக் கடதாசியோடு படி ஏறப்போகிறேன் அக்கா. பட்டியலில் விட்டுப்போன ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். அன்று அவள் கேட்டதற்குப் பதிலும் சொல்ல வேண்டும்.

ஒராளுக்கு, பிள்ளை.