பழைய எண்ணுக்கே வரும்

மார்ச் 3

என்னங்க,

நலந்தானே? கோபம் தீர்ந்து எழுதுகிறேன் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். காரியமாகத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேனே, அந்த லைசென்ஸ் இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. புதுப்பிப்பதெல்லாம் இப்போது அரசாங்க இணையதளத்தில் மட்டும்தான். பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் ஓடிபி உங்கள் செல்லுக்குப் போய்விட்டது.

"ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் போதும்டி" என்று கல்யாணமான புதிதில் எனக்கும் சேர்த்து உங்கள் நம்பரையே பதிந்தீர்களே, அதன் பலன். சரி, மாற்றித் தொலைக்கலாம் என்றால் அதற்கும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி வருமாம். வீட்டை விட்டு வந்து எட்டு மாதமாகியும் உங்கள் சட்டைப்பைக்குள்தான் கிடக்கிறேன்.

வேன் போனால் எனக்குச் சோறு இல்லை. வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாயாடி

மார்ச் 9

என் வாயாடிக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் கழற்றிய ஃபிரிட்ஜை அப்படியே போட்டுவிட்டு, பட்டறைப் படியில் உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் தேதி ஓடிபி வந்ததைப் பார்த்தேன். எவனோ ஏமாற்றுக்காரன் என்று திட்டினேன், மன்னித்துக்கொள். அழிக்கவில்லை. இதோ: 418203. இரண்டு முறை சரிபார்த்து எழுதியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் புது நம்பரைக் கொடுத்தால் என்ன, கடித்தா விடுவேன்?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 14

என்னங்க,

உங்களை என்ன செய்வது! ஓடிபிக்கு ஆயுள் பத்து நிமிஷம். அதைத் தபாலில் அனுப்பிய ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். சென்டர்க்காரப் பெண்ணும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம்பர் தர மாட்டேன். தந்தால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை "எங்க இருக்க, யார்கூட இருக்க" என்று ஆரம்பிப்பீர்கள். அது தாங்காமல்தானே வந்தேன்? வரும் சனிக்கிழமை பதினோரு மணிக்கு சென்டர் போனிலிருந்து கூப்பிடுகிறேன். எண்ணை மட்டும் வாசியுங்கள், போதும்.

வாயாடி

மார்ச் 23

வாயாடிக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். சனிக்கிழமை நீ கூப்பிட்டபோது எண் என் கண்ணெதிரேதான் இருந்தது. வாசித்துவிட்டால் நீ வைத்துவிடுவாய் என்ற பயத்தில் "எப்ப வர்ற?" என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்துக் கேட்ட குரல். மூன்று தடவையும் அதே கூத்து. தளமே பூட்டிக்கொண்டது என்று நீ அழுதபோதுதான் உறைத்தது. நான் செய்தது அயோக்கியத்தனம்.

அதனால் இன்று ஒரு காரியம் செய்தேன். பதினெட்டு வருஷமாக ஃபிரிட்ஜ் கெட்டால் ஊரே கூப்பிடுகிற அந்த நம்பரை ஒரேயடியாக ரத்து செய்துவிட்டேன். சிம்மையும் கத்தரித்துப் போட்டுவிட்டேன். இனி உனக்கும் உன் லைசென்ஸுக்கும் நடுவில் நான் இல்லை. தைரியமாக உன் நம்பரைப் பதிந்துகொள்.

உன்னவன்

ஏப்ரல் 4

என்னங்க,

ஐயோ, முதல் கடிதத்திலேயே எழுதினேனே! மாற்றுவதற்கும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். இத்தனை நாள் உங்களுக்காவது வந்தது. இப்போது அது யாருக்கும் வராது. வேன் சாவியை முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். எனக்காகத்தான் செய்தீர்கள் என்று தெரியும். அதனால் வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை.

நேற்று மாவட்டப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். எண்ணை மாற்றக் கணினியில் காரணம் கேட்கிறது. புருஷனை விட்டு வந்துவிட்டேன் என்பதற்கு அதில் இடமில்லை. "நம்பர் வெச்சிருந்தவர் இறந்துட்டார்னு போட்டுடுங்கம்மா, ஒரே வாரத்துல முடிஞ்சிடும். இல்லேன்னா ஆறு மாசம் இழுக்கும்" என்றார் அங்கிருந்தவர்.

"உயிரோடதான் சார் இருக்காரு" என்றேன். ஆறு மாதப் படிவத்தையே வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனிமேல் எழுதாதீர்கள். வேலையும் இல்லாத இந்த ஆறு மாதத்தில் உங்கள் கடிதம் வந்தால், திரும்பி வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.