நாற்பத்திரண்டாம் நம்பர் கோதுமை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறீர்களா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. துரு நோயைத் தாங்கும் கோதுமை எது என்று பார்க்க, எல்லா ரகங்களிலும் நாங்களே நோயைத் தூவியிருந்தோம். இலைகளைக் கண்ணால் பார்த்தே மதிப்பெண் போட இங்கே ஒரு பெண்மணி இருக்கிறார். மூன்று வருடமாக நான் வளர்த்த நாற்பத்திரண்டாம் ரகம் தேறவில்லை என்று எழுதிவிட்டார். அது தேறினால்தான் இந்த மாதம் நான் ஊர் திரும்ப முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் அவர் பார்த்த இலையிலேயே வேறு நம்பர் சீட்டு ஒட்டி, மாலையில் அவரிடமே நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"மேடம், இது காலையில பார்த்த இலைதானே? நுனி கிழிஞ்சிருக்கு பாருங்க. சீட்டை மாத்தினா துரு போயிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மேலதிகாரியான என்னுடைய ரகம் என்று தெரிந்தும் அவர் கொஞ்சமும் இரங்கவில்லை. யாரையும் எளிதில் மெச்சாதவள் நான். அவர் கண்ணுக்குத் தலைவணங்கி, நாற்பத்திரண்டைப் பட்டியலிலிருந்து என் கையாலேயே அடித்துவிட்டேன்.

ஆகவே இன்னும் ஒரு விதைப்பு, இன்னும் ஒரு குளிர்காலம். என் கம்பளிச் சட்டை அலமாரியில் உங்கள் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. துவைக்காமல் அப்படியே அனுப்புங்கள்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள்,
நான்