சுவரோரத்து அரசங்கன்று

ஷிப்ட் முடிந்து வந்ததும் இதைப் படியுங்கள். புளிக்குழம்பு மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடுங்கள். தங்கை சௌந்தர்யாவின் வளைகாப்புக்குக் காஞ்சிபுரம் போகிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன்.

நாளைக் காலையில் மேஸ்திரி கோதண்டம் வருவார். அஸ்திவாரத்தில் முளைத்திருக்கும் அரசங்கன்றை எடுத்தால்தான் சுவர் விரிசலை அடைக்க முடியுமாம். ஆனால் அவர் அதில் கை வைக்க மாட்டார். "அரச மரம்மா. வூட்டுக்காரர் கும்புட்டு எடுக்கட்டும், அப்பால நான் பூசிக் குடுக்குறேன்" என்றார். நீங்களோ தினமும் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். அத்தனையும் சுவருக்கு அடியில்தான் இறங்குகிறது.

நேற்று இதைச் சொன்னதற்கு, "தானா வந்த அரச மரத்தப் புடுங்கச் சொல்றியே, உனக்குப் புள்ள வேணாமா?" என்று கேட்டீர்கள். வேண்டும் என்பதை எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாமல்தான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இன்று சௌந்தர்யாவுக்கு வளையல் அடுக்கிய பிறகு என் கையிலும் இரண்டு போட்டுவிடுவார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள்.

கன்றை வேரோடு எடுத்து ஏரிக்கரையில் நட்டுவிடலாம். அங்கே தண்ணீர் ஊற்ற நானும் வருகிறேன்.

வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வையுங்கள்.

இன்னும் ஒன்று. மேல்தளம் போடும்போது தூளி கட்டுவதற்கென்று நீங்கள் ஒரு கொக்கி விடச் சொன்னீர்களே, விரிசல் சுவரைத் தாண்டி அதன் பக்கத்தில் போய் நிற்கிறது. படுக்கும்போது ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். பிறகு மேஸ்திரிக்குப் பதில் சொல்லுங்கள்.