சட்டக் கல்லூரிக்கு நீ இறங்கிப் போன பாதை

காலையில் பக்கத்து வீட்டில் பலாப்பழம் அறுத்தார்கள். வாசனை சுவர் தாண்டி வந்து கூடம் முழுக்க நிறைந்தது. நீ இருந்திருந்தால் இந்நேரம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பாய். எனக்கோ அந்த வாசனை வந்தால் இன்றும் அந்தக் காத்திருப்புதான் ஞாபகம் வரும். சட்டக் கல்லூரியிலிருந்து பதில் வருமா வராதா என்று நான் தவித்துக்கிடந்த அந்த ஆனி, ஆடி மாதங்களில் நீ நிதானமாகச் சுளை பிரித்துத் தின்றுகொண்டிருந்தாய்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நமக்குக் கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. நான் திருப்பத்தூருக்கும் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன். நீ எங்கள் ஊர்ப் பக்கத்தில் பி.ஏ. முடித்த முதல் பெண்.

சட்டம் படிக்க வேண்டும் என்று நீ முதலில் சொன்னது என் ஜீப்பில்தான். உன் அண்ணன் தன் கொல்லையில் நின்ற மரத்தை வெட்டியதற்கு, காட்டு மரத்தை வெட்டினார் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். அவரோடு கோர்ட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கோர்ட்டில் கட்டிய கையை அண்ணன் ஜீப்பிலும் அவிழ்க்கவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் நீ சொன்னாய்: "கோர்ட்டுல நம்மளப் பத்திதான் பேசிக்கினாங்க. நமக்குத்தான் ஒண்ணும் புரியல. நான் வக்கீலுக்குப் படிக்கிறேங்க."

அடுத்த வளைவு தாண்டியதும், "படி" என்றேன்.

முதல் வருஷம் விண்ணப்பித்தாய்; இடம் கிடைக்கவில்லை. மறுவருஷம் மறுபடி விண்ணப்பித்து, சென்னைக்குப் போய் நேர்காணலும் முடித்துவிட்டு வந்தாய். "இந்தத் தடவையும் இல்லன்னா வுட்டுடுவேங்க. வூட்டுல எத்தினி நாளிக்கு எல்லாரும் எனக்காவ காத்துக்கினு இருப்பாங்க" என்றாய். நீ சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் எனக்குப் பயம்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார். மலைக்கு வரும் தபால் பை என் ஜீப்பில்தான் வந்தது. திருப்பத்தூரில் சீல் வைத்த பையை வாங்கி என் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மேலே போஸ்ட் மாஸ்டர்தான் பிரிக்க வேண்டும். உன் பதில் அந்தப் பைக்குள், என் தொடைக்கு அருகிலேயே இருக்கலாம், நான் தொடக்கூடாது. ஒவ்வொரு வளைவிலும் கண் அதன்மேல்தான் போகும். புளி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவர்கள்கூட, "டிரைவரே, முன்னால பாத்து ஓட்டுப்பா" என்பார்கள். வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இன்னா, பொண்ணுக்கு சீட்டு வந்துச்சா?" ஒரு மலையே உனக்காகக் காத்திருந்தது. என் தாய்மாமன் மட்டும், "பொண்டாட்டி வக்கீலாயிட்டா, நீ சோத்துக்கும் வாய்தா வாங்கணும் மாப்ள" என்று சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். பை பிரிக்கும்போது போஸ்ட் மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினால், வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்க்காமல் கைகால் கழுவுவேன். "இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?" என்பாய்.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மதியம் பாதி மலை ஏறியிருந்தேன். முன்னால் பாறையும் மண்ணுமாகச் சரிந்து, பாதையை முழுசாக மூடிக்கிடந்தது. ஜீப்பை ஓரமாக நிறுத்தினேன். பயணிகள் இறங்கி, மண்மேட்டில் ஏறிக் கடந்து நடக்கத் தொடங்கினார்கள். நானும் தபால் பையைத் தார்ப்பாய்த் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அது என் வேலை இல்லைதான். ஆனால் உன் பதில் அதில் இருந்தால்?

இருந்தது. போஸ்ட் மாஸ்டர் உறையைப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தார். உறைமேல் முழுக்க இங்கிலீஷ். எனக்குப் பிரிக்கத் தைரியமில்லை. நீ சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாய். ஓடி வந்து நீட்டினேன். நீ அவசரப்படவில்லை. வரப்போரத்தில் ஓடிய தண்ணீரில் கையைக் கழுவி, புடவையில் துடைத்து, பிரித்துப் படித்தாய். பிறகு இன்னொரு முறை படித்தாய்.

"குடுத்துட்டாங்க" என்றாய். உடனே, "நாளான்னைக்குள்ள போய்ச் சேரணுமாம். கடுதாசி லேட்டா வந்துக்குது" என்றாய்.

பாதை மூடிக்கிடந்தது. மண்ணை எடுக்க எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஜீப் சரிவுக்குக் கீழே நிற்கிறது. அதுவரை நடந்துவிட்டால் போதும்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். நாம் இரண்டு பேர்தான் போவதாக இருந்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின்னால் ஒரு கூட்டம். சிலர் மண்வெட்டியோடு வந்தார்கள். உன் டிரங்குப் பெட்டியை என் தலையிலிருந்து பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது யார் தெரியுமா? வாய்தா என்று கேலி பேசிய அதே மாமன். சரிவில் உனக்குக் கால் வைக்க இடம் வெட்டிக்கொண்டே முன்னால் போனார்கள். உன் அண்ணன் உன் கையை விடவே இல்லை. கீழே இறங்கியதும் மாமன் பெட்டியை ஜீப்பில் ஏற்றிவிட்டு, மூச்சிரைக்க, "படிச்சிட்டு வாம்மா. என் வரப்புத் தகராறு ஒண்ணு அப்பிடியே கெடக்குது" என்றார். நீ அழுதுகொண்டே சிரித்தாய். நான் ஜீப்பைக் கிளப்பியதும் அத்தனை பேரும் அந்தச் சேற்றில் நின்று கையசைத்தார்கள். எனக்குத் தெரிந்து, அந்தப் பாதையில் ஒரு மந்திரிக்குக்கூட அப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை.

மறுநாள் கல்லூரியில் சேர்ந்தாய். படித்து முடித்தாய். கறுப்புக் கோட்டோடு திருப்பத்தூர் கோர்ட்டில் நீ எடுத்துப் பேசிய முதல் வழக்கு, அதுவரை இழுத்துக்கொண்டே கிடந்த உன் அண்ணன் வழக்குதான். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். மரம் நின்ற இடம் எது என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். சாட்சி சொல்ல வந்த ஃபாரஸ்ட் கார்டு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தைச் சொன்னார். தீர்ப்பு நாளன்று நீதிபதி இங்கிலீஷில் ஏதோ படித்தார். கோர்ட் அடுத்த வழக்குக்குப் போகப்பார்த்தது. நீ மட்டும் நகரவில்லை. கூண்டில் கை கட்டி நின்ற அண்ணன் பக்கம் திரும்பி, நம் பேச்சில் சொன்னாய்: "அண்ணா, உன் மேல குத்தம் இல்லன்னு சொல்ட்டாங்க. கட்டின கைய அவுத்து வுடு."

அவர் கையை இறக்கினார். அதன்பிறகு எத்தனையோ பேர் உன்னால் கையை இறக்கினார்கள்.

நீ கண்மூடிய பிறகு, பட்டா வேலையாக நான் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் சட்ட பாஷையில் இருந்த ஒரு தாளை நீட்டி, "கையெழுத்து போடுங்க" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "இன்னா எழுதிக்குதுன்னு மொதல்ல படிச்சுச் சொல்லுங்க" என்றேன். அவர் படித்துச் சொன்னார். ஒரு வரி விடாமல் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.